மடியில் ராதிகாவின் படம்

எக்ஸ்ரேவுக்கு ஒரே ஒரு தடவைதான் நிற்பேன் என்று ராதிகா சொல்லிவிட்டாள். டாக்டரம்மாவிடம் சொன்னாள், முந்தின நாள் ராத்திரி பெங்களூர் வேலையிலிருந்து ரயிலில் வந்து, விடியுமுன் திரும்பிப் போன புருஷன் ரூபேஷிடம் சொன்னாள், காலையில் அப்பா ராஜப்பாவிடமும் சொன்னாள். அவளுக்கு மூன்று மாதம். கல்யாணமான ஏழு வருஷத்தில் இது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை.

மூன்று வாரமாக இருமல். பொழுது சாய்ந்தால் உடம்பு சுடும். போன ஞாயிற்றுக்கிழமை வாய் கொப்பளித்தபோது எச்சிலில் ஒரு சிவப்பு நூல் ஓடியது. யாருக்கும் தெரியாமல் தண்ணீர் ஊற்றி அனுப்பியிருப்பாள். பின்னாலேயே பக்கெட்டோடு அவள் அம்மா ரத்தினம்மா நின்றிருந்ததால் தப்பிக்க முடியவில்லை. சளியைச் சோதித்ததில் ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்காமல் மருந்து எழுத முடியாது என்று ராபர்ட்சன்பேட்டை டாக்டரம்மா சொன்னார்.

"வயித்து மேல ஈயக் கவசம் போட்டுடுவாங்க. ரெண்டு எடுத்தாக்கூட கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாத" என்றார்.

"ஒண்ணு" என்றாள் ராதிகா.

அன்று வியாழக்கிழமை. மெட்ராஸ் பக்கம் புயல் என்றால் தங்கச் சுரங்கம் இருந்த சாம்பியன் ரீப்ஸில் நான்கு நாள் சாரல் அடிக்கும். சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளின் தகரக் கூரைகள் விடியற்காலையிலிருந்தே அரிசி புடைப்பதுபோல ஓசை போட்டுக்கொண்டிருந்தன. தங்கம் பிரித்த கழிவு மண்ணாலான சயனைட் மேடுகள் நனைந்து, வெள்ளை மாறி ஈரச் சாம்பல் நிறத்தில் கிடந்தன. ரத்தினம்மா களி கிண்டி இறக்கி, கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணினாள்.

"ஒரு உருண்டையாவது முழுங்கிட்டு கெளம்பு."

"கதவ சாத்தும்மா. கருவாட்டு வாசன கொடலப் பெரட்டுது."

"அடிப்பாவி, நேத்து நீதானடி வாயத் தொறந்து கேட்ட?"

"நான் கேக்கல. உள்ள கீறது கேட்டுச்சி. இன்னிக்கி அதுக்கு வேணாமாம்."

"பொறக்கறதுக்கு முன்னாடியே இன்னா அதிகாரம் பாரு" என்று ரத்தினம்மா கணவரைப் பார்த்துச் சொன்னாள். ராஜப்பா சிரிக்கவில்லை. மூன்றாவது உருண்டையைக் குழம்பில் தோய்த்துவிட்டுத் தோய்த்ததை மறந்து உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. சுரங்கத்தை மூடியபோது நாற்பத்து நாலு. கீழே இருந்த இருபத்து மூன்று வருஷமும் ஜெலட்டின் வெடிமருந்துப் பெட்டி தூக்கியவர். வெடி வைக்கிறவருக்கு முன்னால் பெட்டியோடு நடப்பது அவர் வேலை. மேல்லெவல் என்கிற சுரங்கத்தின் மேல்தளத்தில் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பெட்டி நனைந்தால் ஒரு கணம் தாமதிக்கக் கூடாது. இடுப்பில் செருகிய காய்ந்த துணியை உருவி, பெட்டியைத் திறந்து, துடைத்து, மூடி, மறுபடி நடக்க வேண்டும். இப்போதும் மழை பெய்தால் அவர் இடுப்பில் ஒரு துணி இருக்கும். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

எக்ஸ்ரே எடுக்கும் லேப், கடைத்தெரு முனையில் இரண்டே அறை. அங்கே வேலை பார்க்கும் ஜூடித், ஸ்கெலட்டன் என்னும் பக்கத்து லைன்காரி. அவளுடைய அப்பா ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாயில் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு பெல் அடித்தவர். ராதிகாவின் வயிற்றைச் சுற்றி ஈயக் கவசத்தைக் கட்டினாள், இழுத்துப் பார்த்தாள், திருப்தியில்லாமல் இன்னொன்றையும் எடுத்து மேலே கட்டினாள்.

"கல்லு தூக்கற மாதிரி கீது" என்றாள் ராதிகா.

"தூக்கு. அஞ்சு நிமிஷந்தான். மோவாய மேல வையி. தோள முன்னாடி தள்ளு. மூச்ச நல்லா இழுத்து... புடி."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒரு 'டிக்'. அவ்வளவுதான். ஜூடித் ஒரு பெரிய சிலேட்டுப் பலகை போன்ற கேசட்டைக் கையில் ஏந்தி அறையை விட்டு வெளியே வந்தாள். படம் படிக்கும் மெஷின் பக்கத்து அறையில். அவள் வாசற்படியைத் தாண்டும்போது, எங்கேயோ டமார் என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. ஃபேன் நின்றது. மெஷினின் பச்சைப் புள்ளியும் போனது.

கால் மணி நேரத்தில் சேதி வந்துவிட்டது. பெரிய யூகலிப்டஸ் மரம் மின்கம்பி மேல் விழுந்திருக்கிறது. கரண்ட் நாலு மணிக்கு மேல்தான். லேபின் இன்வெர்ட்டருக்கு மெஷினை இழுக்கும் தெம்பு இல்லை. டாக்டரம்மாவோ மூன்று மணிக்குப் பெங்களூர் கிளம்புகிறவர். திரும்புவது அடுத்த புதன்கிழமை.

"அப்ப படம் போச்சா?" ராஜப்பா பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார். சுவரோரம் ராதிகா கவசத்தைக் கழற்றிவிட்டு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னொரு தரம் நிக்க மாட்டன்" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள்.

"யாரும் நிக்க வேணாம்" என்றாள் ஜூடித். "படம் எடுத்தாச்சி. இதுக்குள்ளதான் கீது."

"கழுவாமயா?"

"இது ஃபிலிம் இல்ல அங்கிள், கழுவறதுக்கு. உள்ள ஒரு வெள்ள பிளேட்டு. அது மேல பொடிப் பொடியா படிகம் பூசியிருக்கும். எக்ஸ்ரே வந்து பட்டவுடனே அந்தப் படிகத்துல கீற எலக்ட்ரானுங்க துள்ளி எழுந்து, பக்கத்துல இருக்கிற குழியில மாட்டிக்கும். நெஞ்சுல காத்து இருக்கிற எடத்துல கதிரு தாராளமா பூந்து வருமில்ல, அங்க நெறய மாட்டும். எலும்பு இருந்தா கொஞ்சந்தான் வரும், கொஞ்சந்தான் மாட்டும். அதான் படம்."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஷிஃப்ட்டு எறங்கின பின்னாடி ஷாஃப்ட்டு வாயில நின்னு பாத்தா இன்னா தெரியும்? இருட்டுதான் தெரியும். ஆனா எந்த லெவல்ல எத்தினி பேரோ அத்தினி பேரும் உள்ளதான இருப்பாங்க? அந்த மாதிரி. மெஷின்ல விட்டா செவப்பு லேசரு ஒவ்வொரு எடமா போயி பெல் அடிக்கும். மாட்டினு இருந்ததெல்லாம் வெளிய வரும். வரும்போது நீலமா ஒரு துளி வெளிச்சத்த விட்டுட்டுப் போவும். அந்த வெளிச்சத்த எண்ணி எண்ணி மெஷினு படம் போடுது."

ராஜப்பாவுக்கு இது சட்டென்று புரிந்தது. அவரே ஆயிரக்கணக்கான தடவை அப்படி மேலே வந்தவர். பெல் அடித்து, கேஜ் குலுங்கி, வெளிச்சத்துக்கு.

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் கெட்டுப் போவாது. ஒரு நாள் விட்டா மங்கிடும். ராபர்ட்சன்பேட்டையில டேவிட்டு இருக்கான், என்கூட படிச்சவன். இதே கம்பெனி மெஷினு. அங்க ஜெனரேட்டர் ஓடுது. நான் போன் பண்ணிட்றன். நானே வருவன், ஆனா சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சி சுகருக்கு ரத்தம் குடுக்கறவங்க அஞ்சு பேரு உக்காந்துனு இருக்காங்க. நீங்க எடுத்துனு போங்க அங்கிள்." கேசட்டைத் துண்டில் சுற்றினாள். ராதிகாவின் பெயரையும் நேரத்தையும் எழுதிய சீட்டைச் செருகினாள். "ஒண்ணே ஒண்ணு. தொறக்காதீங்க. வெளிச்சம் எது பட்டாலும் பெல் அடிச்ச மாதிரிதான். எண்றதுக்கு ஆள் இல்லாம எல்லாம் வெளிய போயிடும்."

"நான் ஏம்மா தொறக்கப் போறன்?" என்றார் ராஜப்பா. கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

ரத்தினம்மா மகளை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். ஃப்ரெடியின் ஆட்டோவில் ராஜப்பா ஏறினார். கேசட்டை மடியில் படுக்கவைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். கைக்குழந்தையைத் தூக்கிவந்த நினைப்பு வந்தது. ராதிகாவை முதன்முதலில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோதும் இவ்வளவுதான் கனம்.

"இன்னாணா, மடியில தங்கக் கட்டியா?" என்றான் ஃப்ரெடி.

"ஏன், தங்கம் இந்த ஊர்ல யாரு மடிக்கு வந்துச்சி? பாத்து ஓட்டு. குழி குழியா கீது."

"குழி ரோட்டுலதான்ணா, என் ஆட்டோவுல இல்ல."

"ஒன் ஆட்டோவுல ஓட்ட இருக்குது. தோ, தண்ணி ஒழுகுது பாரு."

"அது ஏசிணா."

மரம் விழுந்த நேர்வழி மூடியிருந்தது. ஃப்ரெடி சயனைட் மேட்டைச் சுற்றிப் போகும் மண்பாதையில் திருப்பினான். பழைய ஷாஃப்டின் இரும்புச் சட்டம் மழைக்குள் பென்சில் கோடு மாதிரி தெரிந்தது. மேட்டுக்குக் கீழே முழங்கால் அளவு தண்ணீர். நடுவில் போய் இஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. ஃப்ரெடி இறங்கித் தள்ளினான். ராஜப்பாவால் இறங்கித் தள்ள முடியாது. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தார். ஒருவழியாக எதிர்க்கரையில் ஒரு டீக்கடையின் படுதாவுக்குக் கீழே ஆட்டோ வந்து சேர்ந்தது. ஃப்ரெடி பிளக்கைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

"கூத்கொள்ளி சார், கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி டீக்கடைக்காரர் பெஞ்சை இழுத்துப் போட்டார். ராஜப்பா உட்கார்ந்தார். ஒரு டீ வந்தது. அப்போதுதான் தொடையில் ஈரம் உறைத்தது.

துண்டு நனைந்திருந்தது. சாதாரண ஈரம் இல்லை, பிழிந்தால் ஒழுகும். அவர் துண்டைப் பிரித்தார். கேசட்டின் ஓரத்தில், மூடி சேரும் இடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டை அவர் பார்த்தார். அது உள்ளே போகுமோ என்று நினைத்தார். அதற்கு மேல் அவர் நினைக்கவில்லை. இடது கை இடுப்பிலிருந்து துணியை உருவியது. வலது கட்டைவிரல் நகம் கொக்கியை நெம்பியது. உள்ளே இருந்த பிளேட் நாலு விரல் அகலத்துக்கு வழுக்கி வெளியே வந்தது. அதன் ஓரத்தை அவர் துடைத்தார். இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. லெவலில் துடைத்த அதே துடைப்பு.

"ணா! இன்னா பண்ற!" ஃப்ரெடி ஸ்பேனரோடு கத்தினான்.

ராஜப்பா குனிந்து பார்த்தார். கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி ஒரு வெள்ளை. ஒரு கோடு இல்லை, ஒரு நிழல் இல்லை. படுதாவுக்கு அந்தப் பக்கம் மழை வெளிச்சம் மெல்லிசாக எரிந்துகொண்டிருந்தது. அவர் பிளேட்டை உள்ளே தள்ளினார். கொக்கி முதல் தடவை விழவில்லை. இரண்டாவது தடவை விழுந்தது.

"ஜூடித்து சொல்லிச்சே" என்றார். "தொறக்காதன்னு சொல்லிச்சே ஃப்ரெடி."

"அப்புறம் ஏன்ணா தொறந்த?"

"நனஞ்சிச்சே."

ஃப்ரெடியின் அப்பாவும் கீழே இறங்கியவர்தான். அவன் தன்னுடைய ரெயின்கோட்டைக் கழற்றி, கேசட்டை இரண்டு சுற்றுச் சுற்றி அவர் மடியில் வைத்தான். போன் அடித்தது. ராதிகா.

"அப்பா, குடுத்துட்டியா?"

"போயினே இருக்கன்மா."

"ஒன் கொரல் ஏன் ஒரு மாதிரி கீது?"

"மழைமா. டீ குடிக்கறன்" என்றார். டீ பெஞ்சில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

மிச்ச வழி முழுக்க ஃப்ரெடி குழிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி ஓட்டினான். ராஜப்பாவுக்கு அந்தப் பிளேட்டின் இருட்டுக்குள் மாட்டிக்கொண்டு நிற்பவர்களின் ஞாபகமாகவே இருந்தது. யாரோ அவசரக்காரன் பெல்லை இழுத்துவிட்டான். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மிச்சம்?

ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் மாடியில் இருந்தது டேவிட்டின் சென்டர். ஜெனரேட்டர் படிக்கட்டையே உதற வைத்துக்கொண்டிருந்தது. டேவிட் கை நீட்டியபோது ராஜப்பா கேசட்டைக் கொடுக்கவில்லை.

"தம்பி, தப்பு பண்ணிட்டன்" என்றார். "தொறந்துட்டன். நனஞ்சிச்சின்னு தொடச்சேன். எம்பொண்ணு இன்னொரு தரம் நிக்க மாட்டா. ரெண்டு கொழந்த போயிடுச்சி அவளுக்கு. இதுல ஒண்ணும் இல்லன்னா நான் வீட்டுக்குப் போவ முடியாது."

டேவிட் இருபத்தொன்பது வயசுக்காரன். பெரியவர்கள் கண் கலங்கினால் எங்கே பார்ப்பது என்று தெரியாதவன். சுவர்க் காலண்டரைப் பார்த்தான். "எவ்ளோ வெளிய வந்துச்சி?"

நாலு விரலைக் காட்டினார்.

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டு தொடப்பு."

"வெயில் இருந்துச்சா?"

"மழ. படுதா கீழ."

"சரி, வாங்க. அழிஞ்சது போவ மிச்சம் இருக்கும். மொத்தமும் போயிருக்காது."

மெஷின் கேசட்டை உள்ளே வாங்கிக்கொண்டது. கதவு மூடியது. உள்ளே சிவப்பு லேசர் ஓடுவதும் நீல ஒளி தெறிப்பதும் வெளியில் தெரியவில்லை. மாவு மில் தூரத்தில் ஓடுவது போல ஓர் உறுமல் மட்டும் கேட்டது. ராஜப்பா கம்ப்யூட்டர் திரையின் முன்னால் நின்றார். கறுப்பு. பிறகும் கறுப்பு. மேலே ஒரு சாம்பல் கோடு வந்தது. அதன் கீழ் இன்னொன்று. கழுத்து வந்தது. தோள்பட்டை எலும்பு இரண்டும் இறக்கை மாதிரி விரிந்து வந்தன. விலா ஒவ்வொன்றாக இறங்கியது. அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது குளிக்க வைக்கையில் விரலால் எண்ணிச் சிரிக்க வைத்த விலாக்கள். நடுவில் சாய்ந்து உட்கார்ந்த இதயம். அதற்கும் கீழே நுரையீரலின் அடி வளைவு. அங்கிருந்து வெள்ளை. அடிவரைக்கும் வெள்ளை.

"போச்சா?" என்றார்.

டேவிட் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சிரித்தான். "அங்கிள், இங்க பாருங்க. இந்தக் கோடு ஈயக் கவசத்தோட விளிம்பு. ஜூடித்து ரெண்டு கட்டியிருக்கா போல. இதுக்குக் கீழ கதிரே வரல, எப்படியும் வெள்ளதான். நீங்க தொடச்ச நாலு விரலு இதுக்குள்ளயே அடங்கிப் போச்சி. நீங்க அழிச்சது எது, ஈயம் மறச்சது எதுன்னு எனக்கே பிரிக்கத் தெரியல."

"அப்போ நெஞ்சு?"

"நெஞ்சு முழுசா இருக்குது." டேவிட்டின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. திரையில் வலது நுரையீரலின் மேல்பக்கத்தைப் பெரிதாக்கினான். விலாவுக்குப் பின்னால், ஈரப் பஞ்சு ஒட்டியது போல ஒரு வெண்மை. "இதத்தான் டாக்டரம்மா தேடறாங்கன்னு நெனைக்கறன். எதிர்ப்பக்கம் தொறந்திருந்தீங்கன்னா இது போயிருக்கும்."

ராஜப்பா பக்கத்து ஸ்டூலைத் தடவி உட்கார்ந்தார். சுரங்கத்தில் ஒரு தடவை அவர் நின்ற இடத்தை விட்டு நகர்ந்த அடுத்த நிமிஷம் அங்கே கூரை இறங்கியிருக்கிறது. அன்றைக்குக்கூட அவர் உட்காரவில்லை, நடந்துதான் போனார்.

டேவிட் அச்சடித்துக் கொடுத்த படத்தை இரண்டேகாலுக்கு டாக்டரம்மா விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். பயணப் பை பக்கத்திலேயே இருந்தது. "நல்லவேளை இன்னிக்கே வந்தது" என்றார். "டிபி மாதிரிதான் தெரியுது. நாளைக்குக் காலையில சளிய பெரிய டெஸ்ட்டுக்கு அனுப்பணும், எழுதித் தர்றன். அது சரின்னு சொன்னா மாத்திர உடனே தொடங்கிடலாம். வயித்துல கொழந்த இருக்கும்போதே சாப்புடக்கூடிய மாத்திரதான். ஆறு மாசம். விடாம சாப்புட்டா தாயும் பிள்ளையும் நல்லா இருப்பாங்க. விட்டிருந்தாதான் ரெண்டு பேருக்கும் கஷ்டம்." பேனாவை மூடியவர் திறந்தார். "வீட்டுல எல்லாரும் நெஞ்சு படம் எடுக்கணும். முதல்ல நீங்க. மைன்ஸ் ஆள்தான?"

"ஆமாங்க."

"கடைசியா எப்ப எடுத்தீங்க?"

ராஜப்பா விரல் விட்டு வருஷத்தை எண்ணிப் பார்த்தார். சுரங்கம் மூடின வருஷத்தோடு சரி. டாக்டரம்மா சீட்டில் அவர் பெயரையும் எழுதினார்.

அவர் சென்டருக்குத் திரும்பியதும் டேவிட் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தான். "உள்ள வெள்ள லைட்டு போட்டு சுத்தமா அழிச்சாச்சி. காலியா கீது. அடுத்த ஆளுக்கு ரெடி."

"தம்பி" என்றார் ராஜப்பா. டேவிட்டின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். கை வலிக்கும்போதுதான் டேவிட் மெல்ல உருவிக்கொண்டான்.

திரும்பும் வழியில் தூறல் நின்றிருந்தது. "இப்ப தொறக்கலாம்ணா, காலிதான?" என்றான் ஃப்ரெடி.

"வாய மூடினு ஓட்டுடா."

"காலி டப்பாவுக்கு இவ்ளோ அணைப்பா?"

"உன் ரெயின்கோட்ட நான் தொவச்சித் தரன். பேசாம வா."

சொன்ன நேரத்துக்கு முன்பே லேபில் கரண்ட் வந்திருந்தது. ஜூடித்துக்கு டேவிட் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்பது அவள் இடுப்பில் கையூன்றி நின்ற விதத்திலேயே தெரிந்தது. "நான் ஏம்மா தொறக்கப் போறன்னு சொன்னது யாரு?" என்றாள்.

"நாந்தான்."

"எங்க அப்பா வாட்ச்சு நின்னு போச்சின்னா இப்பவும் தட்டி பெல் அடிக்கற மாதிரி மூணு தட்டு தட்டுவாரு. உங்கள யாரும் மாத்த முடியாது." கேசட்டை வாங்கித் துடைத்தாள்.

"ரெண்டு கவசம் கட்டினியாமே."

"அவ கண்ணப் பாத்தேன் அங்கிள். ஒண்ணோட மனசு நிக்கல. கட்டிட்டேன்."

ராஜப்பா கும்பிடப் போனார். அவள் அதைப் பார்க்காதது போலத் திரும்பி, டாக்டரம்மாவின் சீட்டைப் படித்தாள். "சட்டையக் கழட்டிட்டு வாங்க. மோவாய மேல வைங்க."

கேசட் நெஞ்சில் பட்டபோது சில்லென்று இருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தார். என்ன வந்தாலும் வரட்டும் என்று இருந்தது. பார்த்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

அவர் வீடு சேர்ந்தபோது ராதிகா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ராஜப்பா நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். டீக்கடையை முதலில் சொன்னார். டாக்டரம்மா சொன்னதைப் பிறகு சொன்னார். ரத்தினம்மா, "இடுப்புல கட்டின துணிய கொளுத்திப்புடறன் பாரு" என்று ஆரம்பித்து, மாத்திரை, ஆறு மாசம், நல்லா இருப்பாங்க என்பது வரை அவர் சொல்லி முடித்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ராதிகா, அப்பா கொண்டுவந்த படம் இருந்த உறையைத் திறக்கவில்லை. "ஈயம் கட்டின எடத்துல இன்னா தெரிஞ்சிச்சிப்பா?"

"ஒண்ணும் தெரியலம்மா."

"கொஞ்சம்கூடவா?"

"ஒண்ணுமே. பளிச்சினு வெள்ள. கதிரு அந்தப் பக்கமே வரலன்னு டேவிட்டு தம்பி கோடு காட்டிச்சி."

அவள் சுவரில் சாய்ந்து மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருமினாள். இருமி முடித்ததும் அவள் முகம், ஜுரம் விட்ட முகம் மாதிரி தெளிந்திருந்தது. ரூபேஷ் பெங்களூரிலிருந்து கூப்பிட்டபோது மாத்திரை பற்றி அவளே சொன்னாள். பிறகு போனை அப்பாவின் காதில் வைத்தாள்.

"அத நீயே சொல்லு" என்றாள்.

"மாப்ள" என்றார் ராஜப்பா. "கொழந்த பக்கம் ஒண்ணுமே தெரியல மாப்ள. வெறும் வெள்ள."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க மாமா" என்றான் ரூபேஷ்.

அவர் சொன்னார்.